ஊருக்குப் போய்ட்டு வா

12 ஆகஸ்ட் 1930, பிரிக்பீல்ட்ஸ்
தண்டவாள வேலையாட்களுக்கு மேஸ்திரியாகி, இந்த ஊர்ப் பேச்சில் மண்டோராகி, இரண்டு மாதமாகிறது. பழைய மண்டோர் விட்டுப்போன பிரம்பை அடுப்பில் வைத்துவிட்டேன். அதற்காக யாரும் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. நான் பக்கத்தில் போனால் பேச்சு நிற்கிறது. எது கேட்டாலும் "சரிங்க ஐயா". கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

29 ஆகஸ்ட்
இன்று நானும் சம்மட்டி பிடித்தேன். கை கொப்பளித்ததுதான் மிச்சம். ஆட்களில் ஒருவனான பக்கிரிசாமி சிரித்துவிட்டான். "குடுங்கண்ணே, தண்டவாளம் அழுவுது!"
அண்ணே!
வீட்டுக்காரியிடம் சொன்னேன். "இதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்றாள் புஷ்பவல்லி. ஆமாம், இதற்குத்தான்.

8 செப்டம்பர்
மதியம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். பக்கிரிசாமி தன் கருவாட்டில் பாதியை எனக்கு வைத்தான். ஊரில் அம்மா தனியாக இருக்கிறாள் என்றான். மனம் கேட்காமல், "ஒரு நடை ஊருக்குப் போய்ட்டு வாயேன்பா" என்றேன்.
எல்லாரும் சோற்றைப் பாதியில் மூடிவிட்டு எழுந்துவிட்டார்கள். என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

9 செப்டம்பர்
புஷ்பவல்லிதான் விளக்கினாள். "இப்ப ஆள் குறைக்கிறவங்க எல்லாம் வேற என்ன சொல்றாங்க? 'ஊருக்குப் போய்ட்டு வா'ன்னுதானே கப்பல் ஏத்துறாங்க!"
அட மடையா!

10 செப்டம்பர்
ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய் வீடு வீடாகச் சொன்னேன், யாரையும் அனுப்பமாட்டேன் என்று. "சரிங்க ஐயா." சொல்லச் சொல்ல அவர்களுக்குப் பயம்தான் கூடியது.

26 செப்டம்பர்
பக்கிரிசாமி செத்துப்போனான். மலேரியா. காய்ச்சலோடே வேலைக்கு வந்திருக்கிறான். நான் தினமும் கேட்டேனே — "உடம்பு எப்படிப்பா?" "நல்லாருக்குங்க ஐயா." பக்கத்தில்தானே நின்றேன், நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே!
அவன் மனைவி பவுனம்மாள் சொன்னாள்: "காய்ச்சல்னு தெரிஞ்சா கப்பல்ல ஏத்திடுவீங்கன்னு பயந்தாருங்க." திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

3 அக்டோபர்
துரை தட்டிக்கொடுத்தார். என் ஆட்களில் ஒருவன்கூட லீவு கேட்பதில்லையாம்.

21 அக்டோபர், தீபாவளி
காலையில் கதவைத் திறந்தால் வாசலில் அத்தனை பேரும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடு. துரைமார் வீட்டுக்குத்தான் இப்படிப் போவார்கள். துக்க வீட்டுக்காரி பவுனம்மாளும் வந்திருந்தாள். பழத்தைப் படியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.
"உள்ள வாங்க, சாப்பிடலாம்" என்றேன். கெஞ்சினேன். யாரும் அசையவில்லை. போகவும் இல்லை.
புஷ்பவல்லி என் கையைப் பிடித்து இழுத்தாள். "நாம உள்ள போனாத்தான் அவங்க கெளம்புவாங்க."
உள்ளே போனோம்.