பாதி இறக்கிய முடி

மண்டி மொஹல்லா, மைசூரு
புதன்கிழமை மதியம்

அன்பு மகள் ஜீவிதாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அயர்லாந்துக் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், உன் தம்பியும் சுகம் என்று எழுதக் கை போகிறது, மனசுதான் வரவில்லை. போனில் பேசலாமென்றால் இந்த வீட்டில் ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் கேட்கும். உன் சிநேகிதி தீபா ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறாளாம், நெல்லிக்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். தம்பி கவின்ராஜ் காலையில் சாமராஜநகர் பஸ் ஏறினான், இன்னும் தகவல் இல்லை, போன் அடித்தால் எடுக்கவில்லை. வெல்லத்தைத் தப்பாக நிறுத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன், அதனால் கடையை உன் அம்மாவிடம் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ராணுவ வண்டி குண்டுவெடிப்பில் சிக்கி, பிழைத்து வீடு வந்த பிறகு அவன் எப்படி இருக்கிறான் என்று உனக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்காரன் ஷட்டரை இறக்கினால் தரையில் குந்திவிடுகிறான். நம் ஷட்டருக்கு எண்ணெய் போட்டு, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல நான் மெதுவாக இறக்குகிறேன். நீ சொன்னாய் என்றுதான் ஆஸ்பத்திரிக் கவுன்சலிங் அம்மா சொர்ணலதாவிடம் அனுப்பினேன். அவர் என்னடாவென்றால், சாமி கும்பிடுவீர்களா, இப்போது சாமியிடம் கோபம் உண்டா என்று கேட்டிருக்கிறார். எனக்கு எரிச்சல், அதைக் கேட்க ஆஸ்பத்திரி எதற்கு, மாதேஸ்வரன் மலை இல்லையா என்று உன் அம்மாவிடம் கத்தினேன். அவள் அதையே பிடித்துக்கொண்டாள். அவன் உயிரோடு திரும்பினால் மலையில் முடி இறக்குவதாக வேண்டியிருந்தாளே, அதை முடிக்காததால்தான் இத்தனையும் என்றாள். அந்தக் கவுன்சலிங் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போன அமாவாசைக்கு அவனை மலைக்கு இழுத்துப் போனோம்.

முடி இறக்குகிற இடத்தில் உட்கார்ந்தான். பாதித் தலை ஆகியிருக்கும். நான் சும்மா இருந்திருக்கலாம், கையைத் தூக்கி, என் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தாயே மாதப்பா என்று மாதேஸ்வரனை ஊருக்கே கேட்கக் கும்பிட்டேன். அப்படியே எழுந்துவிட்டான். "அந்த வண்டியில தருணுந்தானப்பா இருந்தான், அவங்கம்மா வேண்டிக்கலையா?" என்றான். தருண்குமாரை உனக்கு நினைவிருக்கும், சாமராஜநகர்ப் பையன், பயிற்சியிலிருந்து இவனோடு இருந்தவன், லீவில் வந்தால் நம் கடையில் அச்சுவெல்லத்தை உடைத்துத் தின்றபடி உட்கார்ந்திருப்பான். அவனை அடக்கம் செய்த அன்று இவன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். மீதி முடியை எடுக்க விடாமல், இவன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மைசூரு வரை வந்தான், வீட்டிலும் அந்தத் துண்டை அவிழ்க்கவில்லை.

சொர்ணலதாவிடம் நான் சண்டை போடத்தான் போனேன். அவன் சம்மதித்ததால் என்னையும் கூட வந்த உன் அம்மாவையும் உள்ளே உட்கார வைத்தார். உங்கள் வழக்கத்தில் எதற்கெல்லாம் முடி இறக்குவீர்கள் என்று அவனிடம் கன்னடத்தில் கேட்டார். வேண்டுதலுக்கு, அப்புறம் சாவுக்கு என்றான். அன்றைக்கு நீங்கள் எதற்காக உட்கார்ந்தீர்கள் என்றார். அழுதான் ஜீவிதா, வந்ததிலிருந்து அன்றுதான் அழுதான். தருணுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை, அவனுக்காக நான்தான் முடி எடுத்திருக்க வேண்டும் என்றான். சண்டை போட வந்தவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி உண்டா இல்லையா என்று அந்த அம்மா தீர்ப்புச் சொல்லவில்லை. தருணுக்காக மீதி முடியை எடுக்கட்டுமா என்று அவன் அம்மா மாதேவியிடம் போய்க் கேட்கலாமா என்று அவனேதான் கேட்டான். உங்களுக்குத் தோன்றினால் போங்கள், வந்ததும் என்னைப் பாருங்கள் என்றார்.

அதற்குத்தான் இன்று போயிருக்கிறான். உன் அம்மா ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறாள், நானும் பின்னாலேயே எட்டிப் பார்க்கிறேன். நீ மட்டும் எப்படித் திரும்பினாய் என்று அந்தத் தாய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இவன் தாங்குவானா, கூடவே நானும் போயிருக்க வேண்டுமா, ஒன்றும் புரியவில்லை.

எழுதியதை மடித்து வைத்துவிட்டேன், இப்போதுதான் மாதேவி போன் செய்தார். இவன் வாசலிலேயே வெகுநேரம் நின்றிருக்கிறான். இத்தனை மாதமாக ஏன் வரவில்லை என்று முதலில் திட்டினாராம். துண்டை அவிழ்த்துத் தலையைக் காட்டியதும், வந்த காரணத்தைக் கேட்டு, அவரே ஆளை வரவழைத்து மீதியையும் எடுக்க வைத்து, தன் கையால் தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். சோறு போட்டாராம், தருணின் கட்டிலில் படுத்துத் தூங்குகிறானாம், எழுப்ப வேண்டாம், நாளைக்கு நானே பஸ் ஏற்றி விடுகிறேன் என்றார். உன் அம்மா தேம்பிக்கொண்டே அடுப்பை மூட்டப் போனாள், நாங்கள் இருவரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே, நாளைக்கே ஷட்டர் சத்தத்துக்கு மறுபடி குந்துவான். வெள்ளிக்கிழமை சொர்ணலதாவிடம் நானே கூட்டிப் போகிறேன். நீ காதை மூடாமல் குளிரில் வேலைக்குப் போகாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் மாதப்பன் பார்த்துக்கொள்வான். ஒன்றை மறக்காதே, தம்பியோடு பேசும்போது சாமி உன்னைக் காப்பாற்றியது என்று மட்டும் சொல்லாதே, சாப்பிட்டாயா என்று கேள், போதும். அந்த நன்றியைக் கடை திறக்கும்போது நான் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன், மாதேவியின் காதில் விழாமல்.

என்றும் உன் நினைவாக இருக்கும் அப்பா,
ஜடையன்