சேரைப் புல் இருந்த இடம்

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையிலிருந்து வறண்ட கச்சான் காற்று. கொடியில் போட்ட துணியில் பாதி பக்கத்து வீட்டு வேலியில். பதுளையில் மழை விழுந்து எத்தனை வாரமோ.

நாளை போயா, பௌர்ணமி லீவு. தேயிலைத் தோட்டத்துச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக:
மம்பட்டி 2
அம்மா தேயிலை வெட்டிய கவ்வாத்துக் கத்தி (தீட்ட வேண்டும்)
ரொட்டி 30, கட்டச் சம்பல்
தண்ணீர் போத்தல்
பழைய சேலை, தலைக்குக் கட்ட

அண்ணனும் அண்ணியும் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார்கள். அண்ணி டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரி. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் சுடுகாடு சுத்தம் செய்ய வருவது இதுதான் முதல் தடவை. பையைத் திறந்து மஞ்சள் ரப்பர் கையுறை ஒரு சோடி எடுத்து வைத்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னண்ணி, பாத்திரம் கழுவவா போறோம்?"

"எனக்குப் புல்லுப் பட்டால் கடிக்கும், மச்சாள்."

மகாராணி.

போன வருஷம் நாங்கள் யாருமே போகவில்லை. அம்மா போய் இரண்டு வருஷம். அவர் இருந்தவரை ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை, காய்ச்சலோடுகூடப் போயிருக்கிறார். எங்கள் ஆட்கள் படுத்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு நிமிர்ந்தால் திட்டுவார். "நம்ம ஆளுக மட்டுமா மண்ணுக்குள்ள இருக்காங்க? எல்லாத்தையும் வெட்டுடி."

ஆகஸ்ட் 8, வெள்ளி (போயா)

ஐந்தேமுக்கால் பஸ். நான், மகள், அண்ணன், அண்ணி. என் வீட்டுக்காரர் வெலிமடை பஸ் ஓட்டுகிறார், போயாவுக்கும் லீவு கிடையாது. லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். கோயில் தலைவர் கும்பிட்டுவிட்டு, முதுகு வலி என்று போய்விட்டார். நல்ல முதுகு.

மானாப் புல் ஆள் உயரம். இரண்டு வருஷத்தில் இப்படியா! எங்கள் தோட்டத்தில் சுடுகாடு என்று சொன்னாலும் புதைப்பதுதான், யாருக்கும் கல்லறை கட்டுகிற வசதி இல்லை. தலைமாட்டில் ஒரு குரோட்டன், ஒரு செம்பரத்தை, இல்லாவிட்டால் ஒரு கல். அதனால் பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும்.

அம்மா செய்த மாதிரியே நிரை பிரித்துக் கொடுத்தேன். கொழுந்து எடுக்கும்போது கங்காணி ஆளுக்கொரு தேயிலை நிரை கொடுப்பாரே, அப்படி. சின்ன வயதில் நானும் அண்ணனும் போட்டி போடுவோம். நிரையை முதலில் முடித்தவருக்கு முதல் ரொட்டி. அண்ணன் கள்ளன், புல்லைப் பிடுங்காமல் மேலாக மண்ணைப் போட்டு மூடிவிடுவான். அம்மா காலால் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். இன்றைக்கு அதைச் சொன்னபோது நாற்பத்தொன்பது வயது ஆள் வெட்கப்பட்டுச் சிரித்தான். அந்த ஒரு சிரிப்புக்காகவே வந்த அலுப்புப் போய்விட்டது.

கீழ்வேலிப் பக்கம் கடைசி இரண்டு நிரை. ஒன்று எனக்கு, பக்கத்து நிரை அண்ணிக்கு. அம்மாவின் கத்தி கையில் இருந்ததால் அவர் நினைப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே தூர் தூராக வெட்டிப் பிடுங்கினேன். முகத்துக்குச் சேலையைக் கட்டியிருந்தேன், யாரும் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு ராசம்மா அக்கா கேத்தலில் பிளேன்டி கொண்டுவந்தார். லயத்தில் எங்கள் பழைய ஒற்றை அறை, அதற்கு அடுத்த காம்பரா அவருடையது. அம்மாவின் கூட்டாளி. கேத்தலைக் கீழே வைத்தார். வேலிப் பக்கம் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நடந்துபோய்ப் பார்த்தார்.

"இங்க ஒரு சேரைப் புல்லு நின்னுச்சே... கறிக்குப் போடுவமே, அது. எங்க?"

அப்போதுதான் நினைவு வந்தது. அவர் தலைச்சன் பிள்ளையைப் புதைத்த இடம். மானாவுக்கு நடுவில் அந்த ஒரு சேரைதான் அடையாளம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. இப்போது வேலியோரம் முழுக்க மொட்டை மண்.

திரும்பி அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். எல்லார் முன்னாலும். "எது மானா, எது சேரைன்னு தெரியாதா ஒங்களுக்கு? கையுறை போட்டுக்கிட்டு வெட்டுனா இப்படித்தான்! கேட்டுட்டு வெட்டக் கூடாதா?"

அண்ணி என்னையே பார்த்தாள். பிறகு ராசம்மா அக்காவைக் கும்பிட்டாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. தெரியாமல் நடந்துபோச்சு."

"சரி விடு தாயி. தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

திட்டியிருந்தால் பரவாயில்லை. எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு அந்த மொட்டை மண்ணில் இங்கே உட்கார்ந்து பார்த்தார், எழும்பி அங்கே உட்கார்ந்து பார்த்தார். "இங்கதானா... இல்ல அங்கிட்டா..."

காற்றுக்குப் பயந்து புல் குவியலுக்கு நெருப்பு வைக்கவில்லை. பஸ் ஏறித் திரும்பினோம்.

கையெல்லாம் ஏதோ வாசம். இரண்டு தரம் சோப்புப் போட்டும் போகவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

கடை திறந்தேன். ஸ்கூல் சட்டை 3, ஒரு பிளவுஸ் பிரித்துத் தைக்க. ஊசி இரண்டு தடவை முறிந்தது.

அண்ணி காலையில் கோப்பி போட்டு வைத்திருந்தாள். குடித்தேன், ஆனால் முகம் கொடுக்கவில்லை. மகள் சொல்கிறாள், "அம்மா, ஒங்களுக்குக் கோவம் வந்தா மிஷின்கூடப் பயப்படுது." வாயைப் பார்.

மத்தியானம் கிழங்கும் கருவாடும். சட்டியில் போட மகள் பின்பக்கத்திலிருந்து சேரை ஒடித்து வந்தாள். வாங்கி முறுக்கினேன். எலுமிச்சை மாதிரி வாசம் வந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

இது நேற்றைக்கு என் கையில் இருந்த வாசம்.

மானாவுக்கும் ஒரு நெடி உண்டு, ஆனால் இது இல்லை. முப்பது வருஷமாகக் கறி வைக்கிற கைக்குத் தெரியாதா? கொடியில் அண்ணியின் மஞ்சள் கையுறை கழுவாமல் தொங்கிக்கொண்டிருந்தது. போய் நாய் மாதிரி மோந்து பார்த்தேன். மண். மானா. வேறு ஒன்றுமில்லை.

நான்தான் வெட்டியிருக்கிறேன். நான். அந்த லயத்தில் பிறந்தவள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ராசம்மா அக்கா பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிள்ளை மட்டும் உயிரில்லாமல் வீட்டுக்கு வந்தது, துணியில் சுற்றி. பிணத்தோடு பொம்பளை சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்று ஆட்கள் தடுத்தார்கள். "தாய் வர முடியாது, நாங்கூடப் போகலைன்னா யாருடா போறது?" என்று அம்மா தூக்கிக்கொண்டு போனார். போகும் முன் குசினிப் பின்னாலிருந்து ஒரு சேரைத் தூர் பிடுங்கினார். கறிக்கு என்று நினைத்தேன். பெற்றவள் அந்தக் குழியைப் பார்க்கவே இல்லை. அம்மா நட்ட அந்தப் புல்தான் அவருக்குக் குழி.

அதற்கு அடுத்த வருஷத்திலிருந்துதான் நாங்கள் சுத்தம் செய்யப் போனோம். அந்தப் பிள்ளைக்காகத்தான் அம்மா எங்களைக் கூட்டிப்போனார் என்பது இத்தனை வருஷமாக என் மண்டையில் ஏறவில்லை. அம்மாவும் சொன்னதில்லை, வெட்டுடி என்று மட்டும் சொல்வார்.

அண்ணியிடம் சொல்ல மூன்று தடவை வாய் எடுத்தேன். முதல் தடவை "உப்புப் போதுமா அண்ணி?" என்று கேட்டேன். இரண்டாவது தடவையும் உப்பைத்தான் கேட்டேன். மூன்றாவது தடவை வாயே திறக்கவில்லை. சீ.

நாளை இரவு ரயிலில் போகிறார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடியும் முன்பே அண்ணியை எழுப்பினேன். "அண்ணி, தோட்டத்துக்குப் போவோம். நம்ம ரெண்டு பேரும் மட்டும்." ஏன் என்று கேட்காமல் கையுறையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். பஸ்ஸில் சொல்ல முடியவில்லை. தேயிலைக்கு நடுவில் குறுக்குப் பாதை ஏறும்போது, முன்னால் நடந்துகொண்டே சொன்னேன், முகத்தைப் பார்க்காமல்.

"அந்தச் சேரைய வெட்டுனது நான்தான் அண்ணி."

"தெரியும், மச்சாள்."

நின்றுவிட்டேன்.

"நீங்கள் வெட்டேக்க பக்கத்திலதானே நிண்டனான். வாசமும் வந்தது. ஆனால் அது ஒரு பிள்ளையின்ர இடமெண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் தடுத்திருப்பன்."

"அப்ப நான் கத்துனப்ப ஏன் சொல்லல?"

"அம்மாவை நினைச்சு அழுதுகொண்டு வெட்டினீங்கள். அதுக்குப் பிறகு எல்லாருக்கும் முன்னால எப்பிடிச் சொல்லுறது?"

பாதையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கொழுந்துக்காரிகள் யாரும் இல்லை, ஞாயிறு, நல்லதாகப் போயிற்று. அண்ணி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தாள். பத்து வருஷமாக இந்த மனுஷியை நான் ஒரு விருந்தாளி மாதிரியே வைத்திருந்திருக்கிறேன்.

ராசம்மா அக்கா காம்பரா வாசலில். உள்ளே போகாமலே சொல்லிவிட்டேன். "அக்கா, அண்ணி இல்ல. நான்தான் புடுங்கிட்டேன்." அவர் மம்பட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

குவியலைக் கிளறினேன். ஒவ்வொரு தூராகக் கசக்கி மோந்து போட்டேன். மானா, மானா, மானா. முக்கால் மணி நேரம். கை கிழிந்து இரத்தம். அடியில் கிடைத்தது, இலை காய்ந்து, தூர் இன்னும் பச்சையாக.

புல் கிடைத்தது, சரி. எங்கே நடுவது? என் நிரை மேலிருந்து கீழ்வரை ஒரே மண். எந்த இடத்தில் பிடுங்கினேன் என்று எனக்கே நினைவில்லை. அழுத கண்ணுக்கு என்ன தெரியும்?

அண்ணி கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு முட்டி போட்டாள். ஒரு பிடி மண் அள்ளி மோந்தாள். தள்ளி இன்னொரு பிடி. நானும் எதிர்ப்பக்கமிருந்து தொடங்கினேன். பிறகு ராசம்மா அக்காவும் உட்கார்ந்துவிட்டார். மூன்று பொம்பளைகள் மண்ணை மோந்துகொண்டு! யாராவது பார்த்திருந்தால் பேய் பிடித்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"இஞ்ச மணக்குது!" அண்ணிதான். விரலால் தோண்டினாள். அறுந்த வேர், வெள்ளையாக, ஒரு கொத்து.

ராசம்மா அக்கா அதை வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டார். வெகுநேரம். நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்கப் போனேன், கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"யாரு புடுங்குனா என்ன? முப்பத்தெட்டு வருசமா இந்தப் புள்ளைக்காக இங்க வந்து ஒக்காருறேன். ஒங்கம்மா இருந்தப்ப ரெண்டு பேரு, அவ போனப்புறம் நான் ஒத்தையாத்தான். இன்னைக்கு மூணு பேரு தேடியிருக்கோம்."

நட்டோம். போத்தல் தண்ணீர் முழுவதையும் ஊற்றினோம். மழை வரும்வரை தானே தினமும் ஒரு குடம் ஊற்றுகிறேன் என்றார்.

திரும்பி வந்ததும் அண்ணனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மகளும் கேட்டாள். அவர்களை ரயில் ஏற்றிவிட்டு இப்போதுதான் வந்தேன். கையுறையை அண்ணி இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், அடுத்த வருஷத்துக்காம்.

கை இன்னும் மணக்கிறது. கழுவவில்லை.