வெள்ளையாகப் பூத்துச் சிவந்தது

இன்ஜே,
மார்ச் கடைசி.

அன்புள்ள லுவா அண்ணிக்கு,

பொராம் எழுதுகிறேன். வின்லாங்கில் உங்கள் அம்மா எழுந்து நடமாடுகிறார்களா? இங்கே பனி உருகிவிட்டது. முற்றமெல்லாம் சேறு. அண்ணன் நலம் என்று எழுதச் சொன்னான்.

உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் என்று அக்டோபரில் போனீர்கள். எப்போது வருவீர்கள் என்று இங்கே யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

நீங்கள் தொட்டியில் வளர்த்த பூங்கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உறைபனிக்கு முன் தொட்டியை உள்ளே வைக்கச் சொன்னீர்கள். எங்கள் அம்மா சிரித்தாள். "இது இன்தொங் கொடிடி. பனியில கிடந்தா இன்னும் தெம்பா வரும்" என்றாள். குளிரைத் தாங்குவது என்றுதானே அதற்குப் பெயர். வைக்கோல் சுற்றி வெளியிலேயே விட்டாள்.

டிசம்பரில் அண்ணன் கேட்டான். "இன்தொங் பூ வெள்ளையா பூத்து மஞ்சளாகும். இது சிவப்பாச்சேம்மா?"

கோடை முழுக்க அது எங்கள் கண்முன்தான் சிவந்துகொண்டிருந்தது.

தேடிப் பெயர் கண்டுபிடித்தான். ரங்கூன் மல்லி. உறைபனி ஆகாது. உள்ளே தூக்கி வந்தோம். அம்மா அடியில் சூடேறும் தரையில், தான் படுக்கும் இடத்தில் வைக்கப் போனாள். வேர் வெந்துவிடும் என்று தடுத்தான். முழங்கால் உயரத்துக்கு வெட்டி, பின்னறை ஜன்னலோரம் வைத்தான். மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். தண்டை நகத்தால் சுரண்டினால் பச்சை தெரிய வேண்டுமாம். ஜனவரியில் தெரிந்தது. பிப்ரவரியில் இன்னும் கீழே சுரண்டினால்தான் தெரிந்தது. இப்போது மண்வரை பழுப்பு.

அம்மா தொட்டியைக் கொட்ட விடவில்லை. "ஏய் வின்லாங்காரி, எவ்வளவு நேரம்டி தூங்குவ?" என்று காலையில் அதட்டுகிறாள். நேற்று அதட்டும்போதே உட்கார்ந்துவிட்டாள்.

"குளிருது குளிருதுன்னு அந்தப் புள்ள சொல்லிக்கிட்டேதானே இருந்துச்சு. பழகிடும்னுட்டேன்."

"நாம பேர் வச்சுட்டா தாங்கிடுமாம்மா?" என்றான் அண்ணன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

உங்கள் கனத்த கோட்டு இன்னும் கதவருகே தொங்குகிறது. போகும்போது அதன் கையைத் தொட்டுவிட்டுப் போகிறான். பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.

உங்களுக்கு என்ன எழுதட்டும் என்று அவனிடம் கேட்டேன்.

"வான்னு மட்டும் எழுதிடாத."

எழுதவில்லை.

அங்கே உங்கள் வேலியில் ரங்கூன் மல்லி பூத்திருக்கும். சாயங்காலம் வெள்ளையாக விரியும், இல்லையா? வெயில் இருக்கிற இடத்திலேயே இருங்கள், அண்ணி. நன்றாக இருங்கள்.

உங்கள்
பொராம்