காப்புக் கட்டிய கையோடு ஒரு பரீட்சை

வைகாசி 10, செவ்வாய்

காலையிலேயே அனல். வேப்பிலைகூட அசையவில்லை. இன்று நம்மூர்க் காளியம்மனுக்குக் காப்புக் கட்டு. அடுத்த செவ்வாய் பொங்கல், புதன் முளைப்பாரி.

மண் ஓட்டில் வைக்கோல், சாணித்தூள், ஊறிய நவதானியம். ஆளுக்கொன்றாக முப்பத்தொரு பாரி. இந்த வருடம் என் கணவரின் அண்ணன் வீட்டுத் தானிய அறையில் வளர்க்கிறோம். வெயில் எட்டாத, ஆம்பளை நுழையாத அறை. அப்போதுதான் முளை வெள்ளை வெளேரென்று நீளும். அவர்தான் விழாக் கமிட்டித் தலைவர். ஊருக்கே ‘பெரியவர்’. சாவி அவர் மனைவி இடுப்பில். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

காப்புக் கட்டிக்கொண்டேன். சட்டக் கல்லூரிப் பரீட்சை எல்லாம் பொங்கலுக்குப் பிறகு. தள்ளிவைத்த குடும்பச் சட்டத் தாளுக்கு மட்டும் தேதி வரவில்லை. அதுவும் பிறகுதான் வரும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

கணக்கு: வீடு 9 மணி, கோயில் 3, படிப்பு 1 மணி 20 நிமிடம். கல்லூரி இதை முழுநேரப் படிப்பு என்கிறது. மூன்று வருடமாக எனக்குக் கிடைத்தது அரைநேரம்கூட இல்லை.

வைகாசி 12, வியாழன்

கம்பு புடைத்துக்கொண்டிருந்தபோது போன். கூடப் படிக்கும் பொண்ணு, என் மகள் வயது. “அம்மா, ஃபேமிலி லா வர்ற திங்கக்கெழம காலைல பத்து மணிக்காம். பாத்தீங்களா?”

திங்கள். பொங்கலுக்கு முந்தின நாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

இந்தத் தாள் இரண்டு முறை போயிருக்கிறது. ஒரு தடவை நாலு மார்க்கில், ஒரு தடவை இரண்டில். இது கடைசி வருடம். இதை விட்டால் இந்த வருடம் பட்டம் இல்லை, வக்கீலாகப் பதிய முடியாது. எனக்கு வயது நாற்பத்தேழு. அப்பா காரியம் முடிந்த பதினேழாம் நாள் “படிச்சுப் பாக்கணுமாக்கும், கூடப் பொறந்தவன்தான” என்று சொல்லி என்னிடம் சொத்துப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்களே, அன்றைக்கு வந்த வெறி. பத்தாவது, பன்னிரண்டாவது, பி.ஏ., எல்லாம் அடுப்படியில் படித்துத் தபாலில் பாஸ் செய்தேன். இதை விடுவேனா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் “போயிட்டு வா” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருவோம்.” எதற்கு அந்த ஒரு வார்த்தை?

பெரியவர் வந்தார். இருபத்தாறு வருடமாக என்னிடம் நேராகப் பேசியதில்லை. இன்றும் தம்பியிடம்தான். “ஏலே, காப்புக் கட்டுன பொம்பள எல்லை தாண்டுவாளா? பாரி அழுகுனா ஊருக்கே ஆகாது. அந்தப் பரீட்ச அடுத்த வருசம் வராமயா போயிரும்? சொல்லு உன் வீட்டுக்காரிகிட்ட.”

நாலடி தள்ளி, கையில் சொம்போடு நிற்கிறேன். நான் தூணா? இவர் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே திரும்ப மடித்தார்.

வைகாசி 13, வெள்ளி

கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடமே கேட்டேன். பூக்கட்டியபடியே சொன்னார்: “ராத்தங்கக் கூடாதுத்தா, அம்புட்டுத்தான். வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துட்டா ஒரு தோசமுமில்ல. எங்கப்பா காலத்துலயும் அதான்.” சொன்னபடியே எழுதி வைக்கிறேன்.

இன்னொன்று. புதன்கிழமை கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் மைக் செட் பேச மதுரைக்குப் போய் வந்தார்கள். அவர்கள் கையிலும் இதே மஞ்சள் கயிறு. சுவருக்கு அந்தப் பக்கம், பெரியவர் வீட்டில் கேட்கட்டும் என்று இவரிடம் சத்தமாகவே கேட்டேன்: “மைக் செட்டுக்குப் போனவுக காப்பு அவுந்தா போச்சு?”

சுவர் பதில் சொன்னது. “அது கோயில் வேலைன்னு சொல்லுலே.”

படிப்பு 50 நிமிடம். பல்லைக் கடித்துக்கொண்டு படித்தால் எதுவும் ஏறவில்லை.

வைகாசி 14, சனி

பூசாரி என்னைக் கண்டதும் மணியைத் துடைக்க ஆரம்பித்தார். “பெரியவுக பேச்ச மீறி நான் என்னத்தச் சொல்ல? அன்னிக்கி என்ன சொன்னேன்னு ஞாபகமில்லத்தா.” அன்னிக்கி என்பது நேற்று! பிறழ் சாட்சி என்றால் என்ன என்று இனி எவரும் எனக்கு விளக்க வேண்டாம்.

பாரிக்குத் தண்ணீர் தெளிக்கும்போது அக்கா கிசுகிசுப்பாக: “போகாத புள்ள. அவுக கோவம் உனக்குத் தெரியாது.”

“என் கோவம் அவுகளுக்குத் தெரியுமாக்கா?”

சொல்லிவிட்டேனே தவிர, பயம்தான். பெரியவருக்கு இல்லை. தாயே, உனக்கு. என் பாரி அழுகிப்போனால்? அது உன் பதில் என்றுதானே எனக்கும் தோன்றும். உன் எல்லை எதுவென்று நீ சொல், கேட்கிறேன். அவர் சொல்லிக் கேட்க மாட்டேன்.

வைகாசி 15, ஞாயிறு

ஹால் டிக்கெட். பேனா 3. திருநீற்றுப் பொட்டலம். தயிர்ச்சாதம். படிப்பு 3 மணி 40 நிமிடம். இவ்வளவு என்றைக்கும் இல்லை.

வைகாசி 16, திங்கள்

விடியுமுன் குளித்து, அக்காவை எழுப்பிச் சாவி வாங்கி, பாரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மதுரைக்கு 5.40 பஸ்ஸு. காரியாபட்டி வரை நின்றுகொண்டே.

முதல் கேள்வி, இந்துச் சட்டத்தின் மூலங்கள். அதில் வழக்காறு. ஒரு வழக்கம் சட்டமாக நிற்க வேண்டுமானால் பழமை வேண்டும், தொடர்ச்சி வேண்டும், நியாயம் வேண்டும். ஆளுக்கொரு விதமாக இருக்கக் கூடாது. பேனா தாளைக் கிழித்துவிடும்போல எழுதினேன். மேற்பார்வையாளர் என் கையைப் பார்த்தார். “திருவிழாவாம்மா?” “ஆமா சார். இன்னும் ரெண்டு ஷீட்டு குடுங்க.”

அருப்புக்கோட்டையில் டவுன் பஸ்ஸு வரவில்லை. வேறு பஸ்ஸில் எம்.ரெட்டியபட்டி வந்து ஷேர் ஆட்டோ. ஊர் எல்லையில் இறங்கும்போது 4.50. வெயில் இருந்தது.

நேராகப் பாரி பார்க்கப் போனேன். முப்பது பாரி உள்ளே. என்னுடையது முற்றத்தில், வெயிலில். காலையில் வெள்ளையாக இருந்த முளையெல்லாம் பச்சை.

அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். “கெணத்துல போடச் சொன்னாக. எனக்குக் கை வரல. வெளிய வச்சேன். ரெண்டு தடவ தண்ணி ஊத்துனேன் புள்ள. நான் சொன்னேன்னு சொல்லிராத.”

கத்தத்தான் வாயைத் திறந்தேன். இவளிடம் கத்தி என்ன? அதற்கும் சேர்த்துப் பெரியவர்மேல் கோபம். ஆனால் ஒரு முளைகூட அழுகவில்லை. தாயே, உன் பதிலைப் பார்த்துக்கொண்டேன்.

“புதங்கெழம எடுப்பேன்க்கா.”

“அவுக பாத்துக்கிட்டு இருப்பாகளா?”

“கண்ணு இருக்குல்ல? பாக்கட்டும்.”

பாரியை உள்ளே வைத்தேன். இவரிடம் சொல்லிவிட்டேன்: எனக்காக அண்ணனிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

வைகாசி 18, புதன்

நேற்று பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. எழுத நேரமில்லை.

இன்று ஊர்வலம். வெள்ளை வரிசையில் ஒரே ஒரு பச்சை, என் தலையில். கோயில் வாசலில் பெரியவர் கையை நீட்டி மறித்தார். தம்பியைத் தேடினார், காணவில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல்முறை நேராக என்னிடம்: “ஏம்மா, அதக் கீழ வையி. வெயில்ல கெடந்த பாரி அம்மனுக்கு ஆகாது.”

“அது வெயில்ல கெடந்துச்சுன்னு உங்களுக்கு யாரு மச்சான் சொன்னா?”

கொட்டு நின்றுவிட்டது. முப்பது பெண்களும் அவர் வாயைப் பார்த்தார்கள். ஆம்பளை நுழையாத அறை அது; அங்கிருந்து பாரியை வெளியே எடுக்கச் சொன்னது யார் என்று அவரே சொல்ல வேண்டும். அவர் மைக் செட்காரனைத் திட்டப் போனார்.

முதல் குலவை எனக்குப் பின்னாலிருந்து வந்தது. அக்கா குரல்.

கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பாரியெல்லாம் பெரியவர் கிணற்றில்தான் கரைத்தோம். என்னுடையதை நானே போட்டேன்.