மூன்று முறை உயர்ந்த விரல்

அண்ணாச்சி,

பித்தளை வாடை விரலை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டுக் கழுவினேன், எலுமிச்சைத் தோலைத் தேய்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மாட்டுங்கா டாக்டரின் கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். வாடகை வீட்டுக்கு மாறுவதற்கு முன் கீறல்களை மறைத்துப் பாலிஷ் போட்டுத் தரும்படி, அவருடைய ஸ்பீக்கர் இரண்டையும் தாராவிக்கு என் பட்டறைக்கே அனுப்பிவிட்டார். ஆம், அதே ஜோடிதான். நீங்கள் ஆயுள் முழுக்க ஏங்கி, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டீர்களே, அதே ஜோடி. மரத்தூள் படாமலிருக்க என் பழைய லுங்கிகளைப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. உங்களைவிட அரை அடி உயரம். அளந்தே பார்த்தேன்.

பழைய பேப்பர் போடும் ரத்திக்கடையில் எடைக்கு வாங்கிய வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து அதன் படத்தை வெட்டி, செம்பூர் வீட்டு பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தீர்கள். பக்கத்தில் முருகன். மதினி சேலை எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் நீங்கள் எட்டிப் பார்ப்பீர்கள், முருகனை அல்ல. அணுசக்தி நகரில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவருக்கு அந்த ஸ்பீக்கரின் விலை தெரியாமலில்லை. அந்தப் பணத்தில் புறநகரில், கல்யாண் பக்கம் ஒரு வீடு வாங்கலாம். "வாங்கவா சொல்லுதேன்? சாகுமுன்ன ஒருக்கா கேட்டாப் போதும் வே" என்பீர்கள். மரப்பெட்டி அடித்துப் பிழைக்கும் எனக்கும் அதே பைத்தியம்தான். நான் மட்டும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

ஸ்பீக்கர் கடைகளுக்குப் போவோம், நினைவிருக்கிறதா? உங்கள் மகன் கல்யாணத்துக்குத் தைத்த சட்டை உங்களுக்கு, அத்தர் எனக்கு. வாங்க வந்த கனவான்கள் போல சோபாவில் உட்காருவோம். விற்பனைப் பையன் முதலில் நம் செருப்பைப் பார்ப்பான், அப்புறம்தான் முகத்தை. அவன் பக்கத்தில் நிற்கும்போது வாயைத் திறந்து குறை சொல்ல முடியாதென்று நீங்கள்தான் அந்த ஜாடையைக் கண்டுபிடித்தீர்கள். சத்தத்தில் எங்கே குறை தெரிகிறதோ அங்கே முழங்கால்மேல் ஒரு விரல் உயரும். படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் பேச்சு. வாங்க வக்கில்லாதவர்கள் குறையாவது கண்டுபிடிக்கலாமே! ஜாடை நம் இருவருக்குள் மட்டும்தான். நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் டாக்டருக்கும் மற்ற ஐந்து பேருக்கும் அது தெரியாது.

அந்தக் கூட்டத்தில் உங்களுக்குக் 'காது' என்றே பெயர். யார் வீட்டில் கூடினாலும் நடு நாற்காலி உங்களுக்கு. நீங்கள் தலையாட்டினால்தான் மற்றவர்களுக்கும் இசை நன்றாக இருக்கும். ஆனாலும் அடுத்தவர் வீட்டில் நீங்கள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "அடுத்தவன் வீட்டுச் சோத்தயும் சத்தத்தயும் சபையில வச்சுக் குறை சொல்லப்பிடாது வே. படி எறங்குனப்புறம் காதோட சொல்லும்." நல்ல சட்டம்தான். உங்கள் வீட்டுக்குள் அது செல்லாது என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன்.

நான்கு மாதம் இழைத்து இழைத்து நானே ஒரு ஜோடி செய்து, டெம்போவில் ஏற்றி உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எல்லோரும் இருந்தார்கள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "பெட்டி லெச்சணமா இருக்கு வே. சத்தந்தான் வெளிய வர வெக்கப்படுது." ஐந்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் பல்லில் இரண்டு வருடம் சிக்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் டாக்டர் அந்த ஸ்பீக்கரை வாங்கினார். மாடிப்படியில் ஏற்றும்போது மூலையில் கீறல் விழுந்துவிட்டதென்று என்னைக் கூப்பிட்டார். பெட்டியின் பின்னால் மேலிருந்து கீழாக மூன்று ஜோடித் திருகுகள், அவற்றை இணைக்கச் சிறு பித்தளைத் தகடுகள். மேல் தகட்டைக் கழற்றினால் ட்வீட்டர் செத்துவிடும், உச்சிச் சத்தம் மட்டும் வராது. மற்றதெல்லாம் பாடும். அதைப் பார்த்த அன்றே எனக்குப் புத்தி அங்கே போய்விட்டது. உங்களுக்கு வயது எழுபதைத் தொட்டிருந்தது. உங்கள் வீட்டில் குக்கர் ஏழு விசில் அடித்தும் நீங்கள் எழாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். 'காது'க்கே காது போய்விட்டது என்று நினைத்தேன். அதை ஊருக்குக் காட்ட ஆசைப்பட்டேன். இதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

அந்த ஞாயிறு, பாலிஷைத் துடைக்கிற சாக்கில் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், பெட்டிக்கு ஒன்றாக இரண்டு தகடுகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நீங்கள் குளித்து, திருநீறு பூசி, கோயிலுக்கு வருவது போல வந்தீர்கள். "வாங்கோ, உங்களுக்காகத்தான் காத்துண்டிருக்கேன்" என்று டாக்டர் நடு நாற்காலியில் உட்காரவைத்தார். நான் எதிர்ச் சுவரோரம், உங்கள் முகம் தெரிகிற இடத்தில். நீங்கள் கொண்டுவந்த பதிவைப் போட்டார்கள். செம்பூரில் ஒரு பஜனையில் நீங்களே மைக் வைத்துப் பிடித்தது. அதில் ஓரிடத்தில் சின்ன ஜால்ரா ஒன்று மூன்று தடவை ஒலித்து மெல்ல அடங்கும். எந்த ஸ்பீக்கரையும் அந்த மூன்று ஒலியை வைத்துத்தான் எடைபோடுவீர்கள்.

அந்த இடம் வந்தது. ஜால்ரா இல்லை. வெறும் மிருதங்கம்.

உங்கள் முழங்கால்மேல் விரல் உயர்ந்தது. ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தீர்கள். எனக்குப் புரிந்தது, அண்ணாச்சி. உங்கள் காதுக்கு ஒரு குறையும் இல்லை. நான் வைத்த பொறியில் எலி விழவில்லை.

பாட்டு முடிந்தது. டாக்டர் குழந்தை மாதிரி உங்கள் வாயைப் பார்த்தார். "எப்படி இருக்கு?" என்றார். நீங்கள் உங்கள் சட்டப்படி நடந்தீர்கள். "பிரமாதம் டாக்டர். மேல் சத்தமெல்லாம் அப்படியே பூவாட்டம் இருக்கு." உடனே மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். ஒருவர் ஆஹா என்றுகூடச் சொன்னார்.

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். தகடுகளை எடுத்து டீப்பாயின்மேல் வைத்தேன். "மேல் சத்தம் என் பையிலல்லா இருக்கு அண்ணாச்சி!" என்றேன்.

என்ன சிரிப்பு! தலையாட்டிய ஐந்து பேரும் தங்கள் காதை மறந்துவிட்டு உங்கள் காதைப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. நீங்கள் எழுந்து என் அருகே வந்து, மெதுவாகக் கேட்டீர்கள்.

"நீரு பாத்தீருல்லா வே?"

"எத அண்ணாச்சி?" என்றேன்.

நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டீர்கள். டாக்டர் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். நான் உங்கள் பின்னால் ஓடவில்லை. தகடுகளைத் திரும்ப மாட்டினேன். உங்கள் பதிவை மறுபடி போட்டோம். நடு நாற்காலி காலியாக இருந்தது, நான் உட்கார்ந்துகொண்டேன். ஜால்ரா மூன்று முறை ஒலித்து, அறைக்குள் காற்றோடு காற்றாகக் கரைந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. நன்றாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

அதன் பிறகு உங்களை யாரும் கூப்பிடவில்லை. டாக்டர் இரண்டு தடவை போன் செய்து பார்த்தார், நீங்கள் எடுக்கவில்லை என்றார். மறு வருடம் மழைக்காலத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். துட்டி விசாரிக்க வந்தேன். பீரோக் கதவு திறந்திருந்தது. முருகன் இருந்தார், ஸ்பீக்கர் படம் இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும். மதினி என்னிடம்தான் கேட்டாள்.

"அவியளுக்கு நெசமாவே காது கேக்காமப் போச்சா பாய்? நான் மெதுவாப் பேசுனாலும் பதில் சொல்லுவாவளே. குக்கர் சத்தத்துக்கு எந்திரிக்காதது சோம்பல்னுதான் நெனச்சேன். அந்தக் கூட்டத்துல நீங்கதான் கூட இருந்தீய. நீங்க சொல்லுங்க."

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். செத்தவர் ஒன்றும் எழுந்து வந்து அடிக்கப்போவதில்லை. "வயசாச்சுல்லா மதினி" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு எனக்கு டீ போடச் சொன்னாள். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது கூட்டத்தில் நான்தான் காது. நடு நாற்காலி எனக்கு. ஆனால் இழைப்பு மெஷின் பக்கத்தில் நாற்பது வருடம் நின்றவனுக்கு அது எத்தனை நாள் நிலைக்கும்? போன மாதம் யாருக்கும் சொல்லாமல் செம்பூரில் காதுப் பரிசோதனைக்குப் போனேன். ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள் ஒரு பெண். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா இருந்தால் கேவலம் என்று நினைத்து இரண்டு மூன்று தடவை அழுத்தினேன். "அங்கிள், அபி தோ குச் பஜாயா ஹீ நஹி" என்று சிரித்தாள். அவள் இன்னும் எதையும் ஒலிக்கவே விடவில்லையாம்.

இன்று காலை பட்டறையில் ஆட்கள் வருமுன் லுங்கிகளை எடுத்துவிட்டு, பழைய ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, அன்று நீங்கள் விட்டுப்போன பதிவைப் போட்டேன். முதலில் மேல் தகடுகளைக் கழற்றிவிட்டு. பிறகு மாட்டிவிட்டு. பிறகு மறுபடி கழற்றிவிட்டு. மூன்று தடவையும் அந்த இடத்தில் எனக்கு வெறும் மிருதங்கம்தான். என்னை அறியாமல் முழங்கால்மேல் என் விரல் உயர்ந்தது. எதிரே மரச்சட்டங்கள்தான் சாத்தியிருந்தன.

வரும் ஞாயிறு டாக்டரின் வாடகை வீட்டில் கூடுகிறோம். என்னை நடுவில் உட்காரவைத்து எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். மேல் சத்தம் பூவாட்டம் இருக்கிறது என்று சொல்வேன், வார்த்தை உங்களுடையது. ஆனால் உட்காருவதற்கு முன் பெட்டிகளின் பின்னால் போய்க் குனிந்து, தகடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். பாய்க்கு எவ்வளவு கவனம் பார் என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் ஐந்து பேருக்கும் சட்டைப்பை இருக்கிறது, அண்ணாச்சி.