மாதாவுக்குக் கொடுத்த வெள்ளி ஈரல்

மரியே வாழ்க
இராயபுரம்

அன்பு மகள் கரோலினுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம், மாடியில் போட்ட வெந்தயக்கீரை சுகம், உன் அப்பா சுகமா என்பதைக் கீழே படித்து நீயே முடிவு செய்துகொள். ஆக்லாந்தில் குளிர் எப்படி, காதுக்குத் துணி கட்டிக்கொள்கிறாயா. இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வாயைத் திறக்கும் முன்னே "நல்லாகீறேன் கண்ணு" என்று முடித்துவிடுகிறார். உன் ஈரலில் பாதியை அவருக்கு அறுத்துக் கொடுத்தவள் நீ, உன்னிடம் மறைத்தால் எனக்குப் பாவம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் வெள்ளியில் ஈரல் செய்து வைக்கிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டாரே, அதில் ஆரம்பித்தது வினை. கோயில் வாசல் கடையில் வெள்ளிக் கண் இருக்கிறது, கை இருக்கிறது, கால் இருக்கிறது, ஈரல் மட்டும் இல்லை. மாரியப்பன் பத்தரிடம் செய்யச் சொன்னார். பத்தர் ஈரல் எப்படி இருக்கும் என்று கேட்க, இவர் நேரே கறிக்கடைக்குப் போய் ஆட்டு ஈரல் வாங்கி மாதிரிக்குக் கொண்டுபோய் வைத்தார். அவரும் அச்சு அசலாக ஆட்டு ஈரலையே செய்து கொடுத்தார். பங்குச் சாமியார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாங்காய் விளைச்சலுக்கு நேர்ந்துகொண்டதா என்று கேட்டார். உன் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. மாதிரி ஈரலை மிளகு போட்டு வறுத்து நான்தான் சாப்பிட்டேன்.

அதோடு விட்டாரா. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் அந்தப் பழைய காமாலைக் கிருமி திரும்பியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். ஈரலை மாற்றினாலும் கிருமி உடம்பில் எங்கேயாவது பதுங்கித்தான் இருக்கும், அதை அடக்கி வைக்கத்தான் ஆயுசுக்கும் தினம் ஒரு மாத்திரை, அதை நிறுத்திவிட்டாரா என்று கேட்டார். உன் அப்பா சிலுவை போட்டுக்கொண்டு ஒரு நாள்கூட விட்டதில்லை என்று சாதித்தார். வீட்டுக்கு வந்து பூ மாற்ற மாதா சுரூபத்தை நகர்த்தினால் பின்னால் மாத்திரை குவியலாகக் கிடக்கிறது, எறும்புகூடத் தொடவில்லை. கேட்டால், "இன்னா மேரி, மாதாவுக்கு வெள்ளி வச்சிட்டு மறுக்கா மாத்திரையும் போட்டா, உன்ன நம்பலன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி கீது" என்கிறார். மற்ற மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறார், அது டாக்டர் பொறுப்பாம், கிருமி மட்டும் மாதா பொறுப்பாம். ஹார்பரில் கிரேன் ஓட்டிய மனுஷன், கட்டுச் சரியா என்று பார்க்காமல் ஒரு பாரம் தூக்கியதில்லை, இங்கே கட்டையே அவிழ்த்துவிட்டார்.

சாமியாரே வீட்டுக்கு வந்து, மாத்திரை போட்டால் மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று சொல்லிப் பார்த்தார். மாங்காயா என்று கேட்ட ஆள் பேச்சு இவர் காதில் ஏறவில்லை. கடைசியில் எனக்கு ஆத்திரம் வந்து, "ந்தா, உன் சொந்த ஈரலுன்னா மாதாகிட்ட இன்னா வேணா பேசிக்கோ, இது என் பொண்ணு வயித்தக் கீறிக் குடுத்தது, அதுல கிருமி வுட நீ யாரு" என்று கேட்டுவிட்டேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார், எனக்கா தெரியாது.

இப்போது மாத்திரை போடுகிறார். ஈரலுக்கு இன்னும் சேதமில்லை, கிருமி அடங்குகிறதா என்பது அடுத்த பரிசோதனையில் தெரியும் என்கிறார் டாக்டரம்மா. அதுவரை எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீ ஒன்றும் தெரியாதவள்போல் இரு, உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் காலைப் பிடிக்காத குறை. ஆனால் காலையில் மாத்திரையைக் கையில் எடுத்ததும் அவர் செய்வதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, "கரோலினு, ஆ காட்டு" என்கிறார். அப்புறம்தான் முழுங்குகிறார்.

உன் ஸ்கேனைத் தள்ளிப்போடாதே. மாதா உன்னையும், உன்னிடம் இருக்கும் பாதியையும், இங்கே இருக்கும் பாதியையும் காப்பாளாக.

உன் அம்மா
அடைக்கலமேரி யேசுதாஸ்