சுண்டுவிரல் வளைந்த நட்சத்திரம்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

அநேக நமஸ்காரம். இங்கே நானும் உங்கள் தங்கை கங்காவும் சௌக்கியம். உங்கள் முழங்கால் இப்போது எவ்வளவு மடங்குகிறது என்று எழுதவும். அப்பா பெங்களூர்ப் பூங்காவில் தினமும் நடக்கிறார், எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறார் என்று நம் பிள்ளை ஷங்கர் போனில் சொன்னான். பூரண குணம் என்று புரிந்துகொண்டேன். கிணற்று மோட்டார் மறுபடியும் பழுது.

விஷயம் வேறு. போனில் சொன்னால் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

ஜூ டவுன் யூதத் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் அனில், கடை மாடியில் அந்தக் காலத்து சினிமா நட்சத்திரங்களின் ஸ்டுடியோப் படங்களைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார். மதராஸ் போட்டோகிராபர் ஒருவரின் பெட்டியில் கிடைத்த நெகட்டிவ்களாம். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. சாயாவும் பழம்பொரியும் உண்டு என்றார்கள். கலை ஆர்வத்துடன் போனோம்.

எல்லாம் ஆளுயரப் படங்கள். மேலிருந்து ஒற்றை விளக்கு, மூக்கின் கீழ் சின்ன நிழல், கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். ஒருத்தியும் காமிராவைப் பார்ப்பதில்லை. கூரை மூலையில் எதையோ கண்டு உருகுகிறார்கள். நம் வீட்டில் அந்த மூலையில் ஒட்டடைதான் இருக்கும்.

நடுச்சுவர்ப் படத்தின் முன்னால் கங்கா நின்றுவிட்டாள். புறங்கையில் மோவாயை ஊன்றிய ஒரு பெண். கீழே அட்டையில், "பெயர் தெரியாத நட்சத்திரம். காதல் தோல்வியால் இளம் வயதில் மறைந்தவர்." கங்கா இரண்டு தடவை வாசித்துவிட்டு என் காதருகே வந்து, "மன்னி, நான் எப்போ செத்துப்போனேன்?" என்று கேட்டாள்.

ஆமாம், அந்தப் படம்தான். மதராஸில் சித்தி வீட்டில் இருந்தபோது, நட்சத்திரங்களை எடுக்கிறவர் தன்னையும் எடுத்தார் என்று அவள் சொன்னாளே, அது. பிரதி கைக்கு வருமுன் நீங்கள் போய் அவளை ரயிலேற்றி அழைத்துவந்தீர்கள். பொய் என்று நீங்கள் சொன்னதை வீடே நம்பியது. அன்று முதல் அவள் சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்றால்கூட, நீங்கள் ஒரு வாய் ருசி பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்வீர்கள்.

இது நான்தான் என்று அவள் அனிலிடம் சொன்னாள். முகத்தை வைத்து நிரூபிக்க வழியில்லை. நெகட்டிவைப் பென்சிலால் திருத்தி, கன்னத்து மறுவையும் இரண்டு மூக்குத்திகளையும் எடுத்துவிட்டிருந்தார்கள். கங்காவிலிருந்து கங்காவை நீக்கினால் நட்சத்திரம் கிடைக்கும் போலிருக்கிறது. அட்டைகளை எழுதிய ஆய்வாளர் விஸ்வநாத் மிகுந்த பொறுமையுடன், "அம்மா, பழைய படம் பாத்தா எல்லாருக்கும் இப்படித் தோணும்" என்றார். உங்கள் குரலையே கேட்ட மாதிரி இருந்தது.

பிறகு அவர் கூட்டத்துக்கு அந்தப் படத்தை விளக்கினார். சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருப்பதைப் பாருங்கள், பல வருட நாட்டியப் பயிற்சி இல்லாமல் இந்த நளினம் வராது என்றார்.

கங்கா வாதாடவில்லை. படத்தின் பக்கத்தில் போய் நின்று, புறங்கையில் மோவாயை ஊன்றி, கூரை மூலையைப் பார்த்தாள். சுண்டுவிரல் அதே வளைவில் போய் நின்றது.

"அய்யோ, இது அம்மையல்லே!" இந்த அம்மாதானே இது என்று அனில் மலையாளத்தில் கத்தினார். கைதட்டல் தெருக்கோடி மிளகுக் கிடங்கு வரை கேட்டிருக்கும். எத்தனை வருஷம் நாட்டியம் பயின்றீர்கள் என்று விஸ்வநாத் கேட்டார். "நாட்டியமும் இல்லை, ஒண்ணும் இல்லை. எனக்கு ஏழு வயசிலே எங்கண்ணா அடுக்களைக் கதவைப் படார்னு சாத்தினான். விரல் நடுவிலே இருந்தது" என்றாள். கலைக்கு உங்கள் பங்களிப்பும் இவ்வாறு பதிவாகிவிட்டது.

"மறைந்தவர்" என்பதை மட்டும் எடுத்தால் போதுமா என்று விஸ்வநாத் கேட்டார். போதாது என்றாள். இப்போது புது அட்டையில், "கங்கா, மட்டாஞ்சேரி. இருக்கிறாள்" என்று இருக்கிறது.

நேற்று போர்ட் கொச்சியிலிருந்து வந்தவர்களெல்லாம் அவளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மீன்காரர் சைக்கிளை நிறுத்தி வணங்கிவிட்டுப் போகிறார். வீட்டிலும் கூரை மூலையைப் பார்த்தே பேசுகிறாள். இன்று சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. சரியாக இருக்கிறது என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

கண்காட்சி மாதக் கடைசி வரை உண்டு. அந்தப் படத்தின் கீழே நாற்காலி போட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். யார் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

முழங்கால் இடம் கொடுத்தால் புறப்பட்டு வாருங்கள். எதுவும் பேச வேண்டாம், படத்தைப் பார்த்தால் போதும். மாடியறைக்குப் பழைய தேக்குக் கதவு, நல்ல கனம். உள்ளே வந்ததும் மெல்லச் சாத்துங்கள்.

உங்கள் க்ஷேமத்தைக் கோரும்,
தர்மாம்பாள்